கல்லா, கிழங்கா

அக்டோபரில் எங்கள் பள்ளிக்கு மூன்று வாரம் பூட்டு.
பண்டிகை எதுவும் இல்லை.
மண் உறைவதற்குள்
உருளைக்கிழங்கு வெளியே வந்தாக வேண்டும்.
மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்
நாள்காட்டியைக் கிழங்குதான் எழுதுகிறது.

பூட்டுவதற்கு முந்தின நாள் மிஸ் பெல்கி
பன்னிரண்டாம் வகுப்பு இருபத்தாறு பேரையும்
கணினி முன் உட்காரவைத்தார்.
நூற்றிருபது கேள்விகள். ஆம், இல்லை, தெரியாது.
அந்நியரோடு பேசப் பிடிக்குமா?
ரத்தம் பார்த்தால் தலை சுற்றுமா?
அழுகிற ஒருவர் பக்கத்தில்
எதுவும் சொல்லாமல் நிற்க முடியுமா?

கணினி மூன்று நொடி யோசித்தது.
டேன் ஊலெட்டுக்கு நில அளவை.
கோரின் டெய்கலுக்குப் பல் மருத்துவம்.
எனக்கு, ஈமச்சடங்கு நிலைய மேலாளர்.
தேவைப்படுபவை: வேதியியல், கணக்குப்பதிவு,
எடை தூக்கும் உடல்.

வகுப்பே சிரித்தது. நானும்தான்,
கொஞ்சம் பிந்தி.

அறுவடை இயந்திரத்தின் மேல்தட்டில்
ஆறு பேர், எதிரெதிரே.
நடுவில் ஓடும் பட்டையில்
மண்ணும் தண்டும் கிழங்கும் கல்லும்
ஒரே நிறத்தில், ஒரே குளிரில் வரும்.
கல்லா, கிழங்கா?
யோசித்தால் கடந்துவிடும்.
கையுறைக்குள் இருக்கும் விரல்
கனத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லி
தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு
அடுத்ததற்கு வந்திருக்கும்.
தவறினாலும் குற்றமில்லை,
கிடங்கில் யாராவது பொறுக்கிப்போடுவார்கள்.

அதே கைதான் இரவில்
விருப்பத் துறை என்ற பெட்டியின்மேல்
அரைமணி நேரம் அசையாமல் நிற்கிறது.
இழுக்க இழுக்க இறங்குகிறது பட்டியல்.
தரையே தட்டவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா,
உதவித்தொகைப் படிவத்தோடு.
"எந்த வருஷத்து வருமானம் கேட்கிறான்?"
"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."
"அது நல்ல வருஷம் ஆச்சே" என்றாள்,
இழவுச் செய்தி சொல்கிற குரலில்.

கட்டுரை வேறு இருக்கிறது.
நீ கடந்துவந்த ஒரு தடை,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.
கோரின் தன் பெற்றோரின் விவாகரத்தை
முதல் வாரமே எழுதி முடித்துவிட்டாள்.
எனக்கு என்ன இருக்கிறது?
ஐந்தாம் வகுப்பில் பனியில் சிக்கிய பள்ளிப் பேருந்து.
அந்தத் தடையையும் கடந்தது
ஓட்டுநர் ஆர்மண்ட்தான்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை
கிலேன் மிஷோவுக்குத் தொலைபேசி வந்தது.
எங்கள் காதில் விழுந்தது மூன்றே சொல்:
தம்பி, மரலாரி, வளைவு.
அவள் ஏணியில் இறங்கி
தோண்டிய சாலில் உட்கார்ந்தாள்.
இயந்திரம் நின்றது.
எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

நான் ஏன் இறங்கினேன் என்று தெரியாது.
பக்கத்தில் போய் நின்றேன்.
அவ்வளவுதான், நின்றேன்.
அவள் அக்கா வந்து அழைத்துப்போக
நாற்பது நிமிடம் ஆனது.
கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தேன்,
கல்லா கிழங்கா என்று பார்க்கவில்லை.

அன்றிரவு கட்டுரை தானாக வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
சால், ஏணி, அவள் தோள், என் மௌனம்.
நன்றாக வந்திருந்தது.
மிஸ் பெல்கி படித்தால் கண்ணாடியைக் கழற்றுவார்,
எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கும்.

மறுபடி படித்தேன்.
தம்பி அவளுடையவன்.
அழுகையும் அவளுடையது.
என்னுடையது அந்தக் குளிர் மட்டும்.

அழித்தேன்.

நவம்பர் முதல் தேதி, இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.
பேருந்தைப் பற்றித்தான் எழுதி அனுப்பினேன்.
ஆர்மண்ட் மண்வாரியோடு இறங்கியதையும்
நான் உள்ளே சன்னல் புகையைத் துடைத்துத் துடைத்து
அவரையே பார்த்துக்கொண்டிருந்ததையும்.
சுமாரான கட்டுரை.

துறை என்ற இடத்தில் வேதியியல் என்று குறித்தேன்.
கோரின் கண்ணை உருட்டினாள்,
"உனக்கு அதில் சி மைனஸ்தானே?"
ஆமாம் என்றேன்.
அம்மா மட்டும் ஏன் என்று கேட்டாள்.
சொல்ல ஆரம்பித்தால்
மூன்று வாரம் பிடிக்கும்.